சோசலிசம் நேரு மாஸ்கோவுல இருந்து கொண்டு வந்ததா? மெட்ராஸ் பக்கமிருந்து ஒரு பதில்

தம்பி ஒருத்தர் கேட்டிருக்கார்: "சுதந்திரப் போராட்டத் தலைவர்கள் மேல சோசலிசத்தோட தாக்கம்னு போட்டித் தேர்வு புக்ல எல்லாம் ஒரு பாரா வருது. அது நெஜமாவே இருந்துச்சா, இல்ல நேரு ஒருத்தர் ரஷ்யா போயிட்டு வந்து காங்கிரஸ் மேல ஒட்டின லேபிளா? இதுல நம்ம மெட்ராஸுக்கு ஏதாவது பங்கு உண்டா?" கேக்குறதுல நியாயம் இருக்கு. அந்த ஒரு பாரா பெரும்பாலும் 1917 ரஷ்யப் புரட்சி, 1925 கம்யூனிஸ்ட் கட்சி, 1934 காங்கிரஸ் சோசலிஸ்ட் கட்சின்னு மூணு வருஷத்தை வரிசையா போட்டுட்டு முடிஞ்சிடும், படிக்கிற பசங்களுக்கு மனப்பாடம் ஆகும், ஏன் நடந்துச்சுன்னு மட்டும் புரியாது.

தாக்கம் இருந்துச்சு, நல்லாவே இருந்துச்சு. ஆனா ரெண்டு விஷயத்தை பிரிச்சு பார்க்கணும். ஒண்ணு, அது புக்கு வழியா மேலேர்ந்து கீழ வரல, பல இடத்துல ஸ்ட்ரைக் முதல்ல வந்துச்சு, மார்க்ஸ் அப்புறம்தான் வந்தார், மெட்ராஸ்ல கண்டிப்பா அப்படித்தான். ரெண்டாவது, சோசலிசம் காங்கிரஸோட தீர்மானங்களை மாத்துச்சு, காங்கிரஸ் யார் கையில இருக்குங்கறத மாத்தல. இந்த ரெண்டாவது விஷயத்தை விட்டுட்டுதான் ஒரு கோஷ்டி "சுதந்திரப் போராட்டமே இடதுசாரிதான்"னு சொல்லுது, இன்னொரு கோஷ்டி "அதெல்லாம் நேருவோட ஃபேஷன்"னு சொல்லுது.

முதல்ல மாஸ்கோவை கொஞ்சம் ஓரமா வைங்க, 1917க்கு முன்னாடியே தொடர்பு ஆரம்பிச்சாச்சு. தாதாபாய் நௌரோஜி, காங்கிரஸ்ல மிதவாதின்னு பேர் வாங்கினவர், பிரிட்டிஷ் பார்லிமெண்ட்ல லிபரல் மெம்பரா இருந்தவர், அவரே 1904ல ஆம்ஸ்டர்டாம்ல நடந்த சர்வதேச சோசலிஸ்ட் மாநாட்டுல போய் பேசினார். இந்தியாவோட செல்வம் வருஷா வருஷம் பிரிட்டனுக்கு வடிஞ்சு போகுதுன்னு ஆயுசு முழுக்க கணக்கு போட்டுக் காட்டினவர் அவர், அந்தக் கணக்கை அங்க காது குடுத்துக் கேட்டவங்கள்ல ஹைண்ட்மன் மாதிரி சோசலிஸ்ட்டுங்க முக்கியமானவங்க. 1907ல ஸ்டுட்கார்ட் மாநாட்டுல மேடம் காமா இந்தியாவுக்குன்னு ஒரு கொடியை விரிச்சுக் காட்டினதும் சோசலிஸ்ட் மேடைலதான். இவங்கல்லாம் சோசலிஸ்ட்டா மாறிட்டாங்கன்னு அர்த்தம் இல்ல. ஐரோப்பாவுல நம்ம பேச்சைக் கேக்க அங்கதான் ஆள் இருந்துச்சு, அவ்வளவுதான். இந்த "நமக்கு யார் ஃப்ரெண்டு" கணக்கு கடைசி வரைக்கும் கூடவே வந்துச்சு.

இதே நேரத்துல இங்க தூத்துக்குடில என்ன நடந்துச்சு? 1908 பிப்ரவரி கடைசில கோரல் மில்லுல ஸ்ட்ரைக். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தொழிலாளிங்களுக்குப் பேசுறாங்க, கூலி உயர்வு, வாராந்திர லீவு மாதிரி கோரிக்கைங்க, சில நாள்ல கம்பெனி இறங்கி வந்துடுது. அதுக்கப்புறம் மார்ச்ல அரெஸ்ட், திருநெல்வேலில கலவரம், ராஜத்துரோக கேஸ், கோயம்புத்தூர் ஜெயில்ல செக்கு, அந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். இதுல சோசலிசம்ங்கற பேச்சே இல்ல. கப்பல் கம்பெனி நடத்தின ஒரு வக்கீல், வெள்ளைக்காரன் மில்லுல வேலை செய்யிறவன் கூலிக்காக நிக்கறதும் சுதேசி வேலைதான்னு நினைச்சார். அதே வருஷம் ஜூலைல திலகருக்கு தண்டனை குடுத்ததுக்கு பம்பாய் மில் தொழிலாளிங்க ஆறு நாள் வேலைய நிறுத்தினாங்க, அதைப் பார்த்து லெனின் எழுதினார். அதாவது லெனின் நம்மள பார்த்தது முதல்ல, நம்ம ஆளுங்க லெனினைப் பார்த்தது ஒம்பது வருஷம் கழிச்சு.

பாரதி பார்த்த விதம் தனி. புரட்சி நடந்தப்போ அவர் பாண்டிச்சேரில இருந்தார். ஜார் விழுந்ததுக்கு அவர் பாட்டுல காரணம் யாரு, மாகாளி பராசக்தி கடைக்கண் வைச்சாளாம், உடனே "ஆகாவென்று எழுந்தது பார் யுகப்புரட்சி". முப்பது கோடி ஜனங்களின் சங்கம் முழுமைக்கும் பொதுவுடைமைன்னு பாடினவரும் அவர்தான். ஆனா அப்புறம் கட்டுரைல வந்தப்போ, லெனின் பலாத்காரத்தால அதை நடத்துறது சரிப்படுமான்னு சந்தேகமும் எழுப்பினார். லட்சியம் ஓகே, வழி வேண்டாம். இந்த ஒரு நிலைப்பாட்டை ஞாபகம் வைச்சுக்கோங்க, ஏன்னா அடுத்த 20 வருஷத்துக்கு முக்காவாசி தேசியவாதிங்க நின்ன இடம் இதுதான்.

இப்ப பெரம்பூருக்கு வருவோம், இங்கதான் கொஞ்சம் நின்னு பார்க்கணும். பின்னி கம்பெனியோட பக்கிங்ஹாம், கர்நாடிக் மில்லுங்க, வட சென்னைல தாத்தா காலத்து ஆளுங்க பி அண்ட் சி மில்லும்பாங்க. மதியம் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் விடுவாங்க, அந்த அரை மணிக்குள்ள வெளில வந்து, கை கால் கழுவி, சோத்தை அள்ளிப் போட்டுக்கிட்டு மறுபடி உள்ள போய் நிக்கணும், லேட்டானா போச்சு. மேஸ்திரிங்க, துரைங்க திட்டறது அடிக்கறதெல்லாம் தனி. பெரம்பூர்ல ஒரு பக்தி சபா இருந்துச்சு, தொழிலாளிங்க அங்க சொற்பொழிவு கேக்க கூடுவாங்க, செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடுன்னு ரெண்டு பேர் அதுல முன்ன நின்னவங்க, அவங்க காதுலதான் இந்தக் குறை எல்லாம் விழுது. அவங்க போய் பி.பி.வாடியாவப் பார்க்கறாங்க. வாடியா பார்சி, தியசாஃபிக்காரர் (எல்லா மதத்துக்கும் பொதுவான ஞானத்தைத் தேடுற பிரம்மஞான சபை ஆளு), அன்னி பெசன்ட்டோட பத்திரிகைல இருந்தவர், ஹோம் ரூல்ங்கற தன்னாட்சி இயக்கத்துக்காக 1917ல பெசன்ட்டோட சேர்ந்து காவல்ல வைக்கப்பட்டவர். 1918 ஏப்ரல் 27 அன்னைக்கு சென்னைத் தொழிலாளர் சங்கம் ஆரம்பம். இந்தியாவுல முறையா அமைஞ்ச முதல் தொழிற்சங்கம்னு சொல்றது இதைத்தான். திரு.வி.க. அதுல துணைத் தலைவர், ஸ்கூல் வாத்தியார் வேலைய விட்டுட்டு "தேசபக்தன்" பத்திரிகை நடத்தினவர், பெரிய புராணமும் பேசுவார், மில் கேட்லயும் பேசுவார்.

யோசிச்சுப் பாருங்க, ஒரு பக்தி சபா, ஒரு தியசாஃபிஸ்ட், ஒரு சைவத் தமிழ்ப் புலவர், இந்தக் கூட்டணிலதான் இங்க தொழிலாளர் இயக்கமே பொறந்துச்சு. சோசலிசம் படிச்சவன் எவனும் வந்து ஆரம்பிக்கல.

ஆனா இதுக்கு வந்த எதிர்வினைதான் பாடம் நடத்துச்சு. 1920ல லாக்கவுட், அதாவது கம்பெனியே மில்லை மூடி தொழிலாளிங்களை வெளில நிறுத்துது, அப்புறம் வாடியா மேலயும் சங்கத்து ஆளுங்க மேலயும் நஷ்ட ஈடு கேட்டு ஹைகோர்ட்டுக்குப் போகுது, ஹைகோர்ட் தடை உத்தரவு குடுக்குது, தொழிலாளியோட ஒப்பந்தத்தை முறிக்கச் சொல்லித் தூண்டுறது தப்புன்னு கணக்கு. கடைசில வாடியா சங்கத்தை விட்டு விலகணும்ங்கற கண்டிஷன்ல சமாதானம். இந்த கேஸ்தான் "தொழிற்சங்கத்துக்கு சட்டப் பாதுகாப்பே இல்லையே"ன்னு நாடு முழுக்க எல்லாரையும் முழிக்க வைச்சுது, தொழிற்சங்கத் தலைவர் என்.எம்.ஜோஷி சட்டசபைல விடாம கேட்டு, 1926ல தொழிற்சங்கச் சட்டம் வந்துச்சு. கோர்ட்டு, போலீஸ், கம்பெனி மூணும் ஒரே பக்கம் நிக்கறதை கண்ணால பார்த்தவனுக்கு அரசுன்னா வர்க்கத்தோட கருவின்னு எவனும் தனியா வந்து விளக்க வேண்டியது இல்ல.

இதுக்கு நேர் எதிரா இன்னொண்ணும் இதே மில்லுல நடந்துச்சு. 1921 ஸ்ட்ரைக், மாசக்கணக்கா இழுத்துச்சு. ஆதிதிராவிட தொழிலாளிங்க கணிசமான பேர் வேலைக்குத் திரும்பினாங்க, எம்.சி.ராஜா மாதிரி தலைவர்கள் அவங்களை ஸ்ட்ரைக்குக்குப் போக வேண்டாம்னாங்க, சாதி இந்து, முஸ்லிம் தொழிலாளிங்க வெளில நின்னாங்க, புளியந்தோப்புல குடிசைங்க எரிஞ்சுது, கலவரம், போலீஸ் துப்பாக்கிச் சூடு. ஒரே மில்லு, ஒரே கூலிப் பிரச்சனை, ஆனா சேரிக்காரனும் மத்தவனும் ஒண்ணா நிக்கல. ஏன் நிக்கணும், மில்லுக்கு வெளில அவனை மனுஷனா மதிக்காத ஆளு மில்லுக்குள்ள மட்டும் தோழர்னா அவன் எப்படி நம்புவான்? வட இந்திய சோசலிஸ்ட் சரித்திரத்துல இது ஒரு அடிக்குறிப்பாக் கூட வராது. எனக்கு இதுதான் இந்த மொத்தக் கதைலயும் முக்கியமான இடம்னு தோணும், வர்க்கம்னு மட்டும் பேசினா இந்த ஊர்ல காலே ஊன முடியாதுன்னு 1921லயே தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சும் ரொம்ப பேர் கண்டுக்கல.

கண்டுக்கிட்ட ஒருத்தர் சிங்காரவேலர். 1860ல மெட்ராஸ்ல மீனவக் குடும்பத்துல பொறந்தவர், ஹைகோர்ட் வக்கீல், வீட்டுல பெரிய லைப்ரரி, அயோத்திதாசர் காலத்துலேர்ந்தே பௌத்தத்துல ஈடுபாடு, டார்வின், ஸ்பென்சர்னு அறிவியல் படிப்பு. 1921ல ஒத்துழையாமை இயக்கத்துக்காக வக்கீல் கவுனை எரிச்சுட்டு வெளில வந்தப்போ வயசு 60 தாண்டியாச்சு. 1922 டிசம்பர்ல கயா காங்கிரஸ்ல எழுந்து நின்னு, உலகக் கம்யூனிஸ்ட்டுங்களோட பிரதிநிதியா வந்திருக்கேன்னு வெளிப்படையா சொன்னார், அங்க உக்காந்திருந்த முக்காவாசி பேருக்கு அந்த வார்த்தையே புதுசு. அடுத்த மே 1, 1923, மெட்ராஸ்ல இந்துஸ்தான் தொழிலாளர் விவசாயிகள் கட்சியை ஆரம்பிச்சார், ஹைகோர்ட்டுக்கு எதிர்ல இருக்குற பீச்சுல ஒரு கூட்டம், திருவல்லிக்கேணி பீச்சுல இன்னொரு கூட்டம், செங்கொடி, இந்தியாவுல முதல் மே தினம்.

அந்தக் கூட்டத்துல என்ன பேசினாங்கன்னு பார்த்தா ஆச்சரியமா இருக்கும். மே தினத்துக்கு லீவு விடணும்னு அரசாங்கத்தைக் கேட்டு தீர்மானம், சுதந்திரத்துக்கு உலகத் தொழிலாளிங்க ஒண்ணு சேரணும்னு பேச்சு, அப்புறம் கட்சியோட அஹிம்சைக் கொள்கை பத்தி விளக்கம். ஆமா, அஹிம்சைதான். கொடி செங்கொடி, கொள்கை காந்தி. மாஸ்கோ, பெர்லின்லேர்ந்து இந்தியக் கம்யூனிஸ்ட்டுங்களுக்கு வழிகாட்டின எம்.என்.ராய் மாதிரி ஆளுங்களுக்கு இதைப் பார்த்தா எரிச்சலாத்தான் இருந்திருக்கும், ஆனா பாரதிக்கு இருந்த அதே சந்தேகத்தை சிங்காரவேலர் ஒரு கட்சித் திட்டமாவே போட்டுட்டார்.

அரசாங்கத்துக்கு அந்த வித்தியாசமெல்லாம் கண்ணுக்குத் தெரியல. 1924 கான்பூர் போல்ஷ்விக் சதி வழக்குல அவர் பேரையும் சேர்த்தாங்க, உடம்பு சரியில்லன்னு விட்டுட்டாங்க. 1925 டிசம்பர்ல அதே கான்பூர்ல நடந்த கம்யூனிஸ்ட் மாநாட்டுக்கு அவர்தான் தலைவர். 1928ல தென்னிந்திய ரயில்வே ஸ்ட்ரைக், 68 வயசுல அரெஸ்ட், 10 வருஷம் தண்டனை, அப்புறம் குறைச்சாங்க, 1930ல வெளில வந்தார். இன்னைக்கு சென்னை கலெக்டர் ஆபீஸ் கட்டடத்துக்குப் பேரு சிங்காரவேலர் மாளிகை, அது இருக்குற ரோடு பேரு ராஜாஜி சாலை. இந்தப் பேர் பொருத்தத்தோட வேடிக்கை 1937க்கு வரும்போது புரியும்.

ராய்ன்னு சொன்னதும் ஒரு சின்ன விஷயம். 1920 அக்டோபர்ல தாஷ்கண்ட்ல வெளிநாட்டு இந்தியர்கள் கூடி கம்யூனிஸ்ட் கட்சி ஆரம்பிச்சாங்களே, அதுக்கு தலைவரா இருந்தவர் நம்ம மெட்ராஸ் ஆளு, மண்டயம் பார்த்தசாரதி திருமலாச்சாரியார், எம்.பி.டி.ஆச்சார்யா. பாரதியோட "இந்தியா" பத்திரிகைல வேலை பார்த்தவர், அங்கிருந்து லண்டன், பெர்லின், காபூல், மாஸ்கோன்னு சுத்தி, லெனினைப் பார்த்த இந்தியர்கள்ல ஒருத்தர். ஆனா ராயோட ஒத்துவரல, கட்சிலேர்ந்து வெளில வந்து, அரசாங்கமே வேண்டாம்ங்கற அனார்க்கிஸ்ட் ஆயிட்டார், 1954ல பம்பாய்ல இறந்தார். திருவல்லிக்கேணி பக்கத்து வைணவக் குடும்பத்துலேர்ந்து அனார்க்கிசம் வரைக்கும் போன மனுஷன், நம்ம ஊர்ல ஒரு தெருவுக்குக் கூட அவர் பேரைச் சொல்லி நான் பார்த்ததில்ல.

இப்ப நேரு. அவர் 1920ல அலகாபாத் பக்கத்து கிராமங்கள்ல விவசாயிங்களோட சுத்தினப்போதான் முதல் அதிர்ச்சி, வாடகை, குத்தகை, ஜமீன்தார் வெளில துரத்துறதுன்னு அதையெல்லாம் நேர்ல பார்த்தார். 1927 பிப்ரவரில பிரஸ்ஸல்ஸ்ல காலனி ஒடுக்குமுறை எதிர்ப்பு மாநாடு, நவம்பர்ல மாஸ்கோ, புரட்சியோட 10வது ஆண்டு விழா. அங்கிருந்து ஊர் திரும்பி நேரா வந்த காங்கிரஸ் எங்க நடந்துச்சு தெரியுமா, மெட்ராஸ்ல, 1927 டிசம்பர், டாக்டர் அன்சாரி தலைமை. முழு சுதந்திரம்தான் இலக்குன்னு நேரு தீர்மானம் கொண்டு வந்தார், பாஸாச்சு. காந்திக்கு பிடிக்கல, அவசரப்பட்டு யோசிக்காம போட்டதுன்னு எழுதினார். டொமினியன் அந்தஸ்து, அதாவது பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்குள்ளயே தன்னாட்சி, போதும்ங்கற பேச்சை முதல்ல உடைச்சது லாகூர் இல்ல, மெட்ராஸ்தான், ஆனா முழு சுதந்திரத் தீர்மானம்னா 1929 லாகூர் காங்கிரஸுக்குத்தான் பேரு. (1921லயே ஹஸ்ரத் மொஹானி அகமதாபாத்துல முழு சுதந்திரம் கேட்டுத் தோத்தார், "இன்குலாப் ஜிந்தாபாத்" கோஷமும் அவரோடதுதான், கான்பூர் கம்யூனிஸ்ட் மாநாட்டு வரவேற்புக் குழுத் தலைவரும் அவரேதான். மௌலானா, கிருஷ்ண பக்தர், கம்யூனிஸ்ட், எல்லாம் ஒரே ஆளு.)

மெட்ராஸ் காங்கிரஸுக்கு அப்புறம் 1928ல இந்திய சுதந்திர லீக்னு ஒண்ணு வந்துச்சு, நேருவும் போஸும் செகரட்டரி, பொருளாதார அமைப்பையே மாத்தணும்னு அதுக்கு நோக்கம். தலைவர் யாருன்னு பார்த்தா மயிலாப்பூர் எஸ்.சீனிவாச அய்யங்கார், முன்னாள் அட்வகேட் ஜெனரல்! அவர் சோசலிஸ்ட்டான்னா இல்ல. வெள்ளைக்காரன் முழுசா போகணும்ங்கறதுல உறுதி, அதுக்கு சோசலிஸ்ட் பசங்க கூட நிக்கறதுல அவருக்குப் பிரச்சனை இல்ல. அந்தக் காலத்துல தீவிரமா இருக்கறதும் சோசலிஸ்ட்டா இருக்கறதும் ஒண்ணு போல தெரிஞ்சுது, பின்னாடிதான் பிரிஞ்சுது.

பகத் சிங் குரூப் கதையும் இதுல வரும். 1928ல டெல்லி ஃபெரோஸ் ஷா கோட்லாவுல கூடி இயக்கத்தோட பேர்லயே சோசலிஸ்ட்டுனு சேர்த்தாங்க. 1929 ஏப்ரல் 8 சட்டசபைல குண்டு போட்டது எந்த மசோதாவுக்கு எதிரான்னு கவனிங்க, தொழில் தகராறு மசோதா, பொதுப் பாதுகாப்பு மசோதா. ஒண்ணு ஸ்ட்ரைக்கை அடக்க, இன்னொண்ணு வெளிநாட்டுக் கம்யூனிஸ்ட்டுங்களை நாடு கடத்த. அதுக்கு சில வாரம் முன்னாடிதான், மார்ச்ல, மீரட் சதி வழக்குல நாடு முழுக்க தொழிற்சங்கத் தலைவருங்களை அள்ளினாங்க. ஏன் மீரட்? அங்க ஜூரி இல்லாம விசாரிக்கலாம். ஆனா சர்க்காருக்கு இது பூமராங் ஆயிடுச்சு, நாலு வருஷம் இழுத்த கேஸ்ல குற்றவாளிக் கூண்டுலேர்ந்தே அவங்க கம்யூனிசம்னா என்னன்னு பாடம் எடுத்தாங்க, பேப்பர்ல எல்லாம் வந்துச்சு. போலீஸ் தடை பண்ணின புக்கு போகாத இடத்துக்கெல்லாம் கோர்ட் ரிப்போர்ட் போச்சு. அந்தக் கேஸ்ல மாட்டின பிலிப் ஸ்ப்ராட்னு ஒரு பிரிட்டிஷ் கம்யூனிஸ்ட், இங்க கட்சி வளர்க்க அனுப்பப்பட்டவர், பிற்பாடு சிங்காரவேலர் குடும்பத்துப் பொண்ணையே கல்யாணம் பண்ணி, கம்யூனிசத்தை வெறுத்து, கடைசில ராஜாஜியோட "ஸ்வராஜ்யா" பத்திரிகைக்கு ஆசிரியரா இதே மெட்ராஸ்ல உக்காந்தார்.

1931 மார்ச் 23 பகத் சிங் தூக்கு. அடுத்த சில நாள்ல கராச்சி காங்கிரஸ், காந்தி போய் இறங்கறார், இளைஞருங்க கருப்புக் கொடி. அந்த சூட்டுலதான் அடிப்படை உரிமைகள், பொருளாதாரத் திட்டம்னு புகழ்பெற்ற தீர்மானம் வருது: தொழிலாளிக்கு வாழ்க்கைக்குப் போதுமான கூலி, வேலை நேரத்துக்கு வரம்பு, குத்தகைக் குறைப்பு, முக்கியத் தொழில்கள், ரயில்வே, கனிமம் எல்லாம் அரசு கையில அல்லது கட்டுப்பாட்டுல, சர்க்கார் ஊழியருக்கு சாதாரணமா மாசம் 500 ரூபாய்க்கு மேல சம்பளம் கூடாது. தலைமை யாரு, வல்லபபாய் பட்டேல். வரைவு நேருவோடது, காந்தி திருத்தினார். தூக்குல போடப்பட்ட பகத் சிங்கோட கட்சிப் பேர்ல இருந்த வார்த்தை தீர்மானத்துல இல்ல, சாரம் கொஞ்சம் இருந்துச்சு. என்னைக் கேட்டா காங்கிரஸ் மேல சோசலிசத் தாக்கத்துக்கு ஒரே ஒரு ஆதாரம் காட்டணும்னா இதைத்தான் காட்டுவேன்.

தமிழ்நாட்டுல அதே வருஷம் வேற ஒரு ட்ராக் ஓடுது. தமிழ்ல சோசலிசத்தை சாதாரண வாசகன்கிட்ட கொண்டு போனது காங்கிரஸ் பத்திரிகைங்களைவிட "குடி அரசு"தான், பெரியார் அப்போ காங்கிரஸை விட்டு வந்து ஆறு வருஷம். பகத் சிங் தூக்குக்கு மார்ச் 29லயே தலையங்கம், அக்டோபர்ல கம்யூனிஸ்ட் அறிக்கையோட தமிழாக்கம், அடுத்த வருஷம் சோவியத் பயணம், திரும்பி வந்து சிங்காரவேலரோட சேர்ந்து ஈரோட்டுல சமதர்மத் திட்டம் (சமதர்மம்னா அவங்க பாஷைல சோசலிசம்). சிங்காரவேலர் "குடி அரசு"ல கட்டுரை மேல கட்டுரையா எழுதினார். புளியந்தோப்புல உடைஞ்ச இடத்தை, சாதியும் வர்க்கமும் சந்திக்கிற இடத்தை, இவங்கதான் நேரா தொட்டாங்க. 1933 கடைசில பெரியார் மேல ராஜத்துரோக கேஸ், 1934ல கம்யூனிஸ்ட் கட்சிக்குத் தடை, சர்க்கார் நெருக்க ஆரம்பிச்சதும் பெரியார் சமதர்மப் பிரச்சாரத்தைக் குறைச்சுக்கிட்டு சமூக சீர்திருத்தத்துக்குத் திரும்பினார், நீதிக்கட்சி பக்கம் சாய்ஞ்சார். இது பிடிக்காம ஜீவா மாதிரி இளைஞருங்க வெளில வந்து காங்கிரஸ் சோசலிஸ்ட் கட்சில சேர்ந்தாங்க. அதாவது சுயமரியாதைக்காரனை காங்கிரஸுக்குள்ள கொண்டு வந்து விட்டது தேசியம் இல்ல, சோசலிசம். இந்த ரூட்டு வேற மாகாணத்துல பார்க்க முடியாது.

காங்கிரஸ் சோசலிஸ்ட் கட்சி எப்படி பொறந்துச்சுன்னு எல்லா புக்லயும் இருக்கு, நாசிக் ஜெயில்ல ஜெயப்பிரகாஷ், மினு மசானி, அசோக் மேத்தா எல்லாம் ஒண்ணா இருந்தப்போ பேசினது, 1934 மே பாட்னா, நரேந்திர தேவ் தலைமை. நான் அதை விட்டுட்டு 1936க்குப் போறேன். லக்னோ காங்கிரஸ்ல நேரு தலைவர், உலகப் பிரச்சனைக்கும் இந்தியாவோட பிரச்சனைக்கும் தீர்வு சோசலிசம்தான்னு அடிச்சுப் பேசினார். உடனே என்னாச்சு? பம்பாய் முதலாளிங்க அறிக்கை விட்டாங்க. ராஜேந்திர பிரசாத், பட்டேல், ராஜாஜி உள்பட காரியக் கமிட்டிக்காரங்க சிலர் ராஜினாமா கடிதம் குடுத்தாங்க, காந்தி நடுவுல வந்து சமாதானம் பண்ணி வாபஸ் வாங்க வைச்சார். நேரு பேசறதை நிறுத்தல, ஆனா கமிட்டில மெஜாரிட்டி யாரோடதோ அவங்களோடதாவே இருந்துச்சு.

அது எவ்வளவு தூரம்னு 1937ல மெட்ராஸ்ல தெரிஞ்சுது. ராஜாஜி முதல்வர் ஆகறார், அப்போ பிரீமியர்னு பேரு. பம்பாய்லேர்ந்து பாட்லிவாலான்னு ஒரு காங்கிரஸ் சோசலிஸ்ட் தலைவர் இந்த மாகாணத்துக்கு வந்து காரசாரமா பேசறார், அக்டோபர்ல ராஜாஜி சர்க்கார் அவரை அரெஸ்ட் பண்ணுது, எந்தப் பிரிவுல, 124 ஏ, ராஜத்துரோகம். திலகர் மேல போட்டது, வ.உ.சி. மேல போட்டது, 1922ல காந்தி மேலயே போட்டது, அதே பிரிவு. காங்கிரஸ் மந்திரி சபை ஒரு காங்கிரஸ்காரனை வெள்ளைக்காரன் சட்டத்துல ஆறு மாசம் தண்டனை வாங்க வைக்குது. நேருக்கு கோபம், ராஜாஜிக்கு ஒண்ணும் கூச்சமில்ல, ஆட்சின்னா சட்டம் ஒழுங்கு பார்க்கணும்னார். சிங்காரவேலர் மாளிகையும் ராஜாஜி சாலையும்னு மேல சொன்னேனே, அந்த வேடிக்கை இதுதான்.

ஆனா அதே சர்க்கார் 1938ல விவசாயி கடன் நிவாரணச் சட்டம் கொண்டு வந்துச்சு, மந்திரி பிரகாசம் தலைமைல ஜமீன் விசாரணைக் கமிட்டி, நிலம் குடியானவனுக்குத்தான்ங்கற மாதிரி ரிப்போர்ட். என்.ஜி.ரங்கா மாதிரி ஆளுங்க ஆந்திரா பக்கம் விவசாய சங்கம் கட்டி குடுத்த பிரஷர் இல்லாம இது வந்திருக்காது. சோசலிஸ்ட்டை ஜெயில்ல போட்டுட்டு அவன் கேட்டதுல பாதியை சட்டமா போடறது, ராஜாஜி கெட்டிக்காரர்னு சும்மா சொல்லல.

1940ல காங்கிரஸ் சோசலிஸ்ட்டுங்க கம்யூனிஸ்ட்டுங்களை வெளியேத்தினப்போ தெற்கு யூனிட்டுங்க, தமிழ்நாடு, கேரளா, ஆந்திரா, அப்படியே கம்யூனிஸ்ட் பக்கம் போயிடுச்சு, அதனாலதான் இங்க ஜெயப்பிரகாஷ், லோகியா பேரைச் சொல்ற கட்சி பெருசா வளரவே இல்ல. அதே வருஷம் மெட்ராஸ் சதி வழக்கு, பி.ராமமூர்த்தி, மோகன் குமாரமங்கலம் எல்லாம் அதுல. 1942ல கம்யூனிஸ்ட்டுங்க உலகப் போரை மக்கள் யுத்தம்னு சொல்லி வெள்ளையனே வெளியேறுல சேராம நின்னது அவங்களுக்கு தீராத கெட்ட பேர், அதே சமயம் ஜெயப்பிரகாஷ் தீபாவளி ராத்திரி ஹசாரிபாக் ஜெயில் சுவர் ஏறிக் குதிச்சு ஹீரோ ஆயிட்டார். தேசியமும் சோசலிசமும் ஒரே பாதைன்னு 1928ல தெரிஞ்ச மாதிரி தெரிஞ்சது, 1942ல ரெண்டுல ஒண்ணுன்னு ஆச்சு, அதுல எது ஜெயிக்கும்னு தனியா சொல்ல வேண்டியதில்ல.

சரி, "நேரு ஒட்டின லேபிளா"ங்கற கேள்விக்கு கடைசியா ஒண்ணு. கராச்சி தீர்மானத்தையும் 1950 அரசியல் சட்டத்தையும் பக்கத்துல பக்கத்துல வைச்சுப் படிச்சுப் பாருங்க. கராச்சில இருந்த வாழ்க்கைக்குப் போதுமான கூலி அரசியல் சட்டம் 43வது பிரிவுல இருக்கு. சொத்து வளம் ஒரு சிலர் கையில குவியாம பொது நன்மைக்குப் போகணும்ங்கறது 39ல இருக்கு. 1931ல அடிப்படை உரிமைகள்ங்கற தலைப்புல பேச்சு சுதந்திரத்தோட சேர்த்தே வைச்சிருந்ததை, 1950ல பேச்சு சுதந்திரத்தை மட்டும் உரிமைப் பகுதில வைச்சுட்டு, கூலியையும் சொத்தையும் வழிகாட்டு நெறிமுறைங்கற தனிப் பகுதிக்கு நகர்த்தினாங்க, அந்தப் பகுதியை வைச்சு கோர்ட்டுக்குப் போக முடியாதுன்னு 37வது பிரிவு சொல்லுது. அஞ்சு வருஷம் கழிச்சு, 1955 ஜனவரில, இதோ பக்கத்துல ஆவடில காங்கிரஸ் கூடி சோசலிச பாணி சமுதாயம்னு தீர்மானம் போட்டப்பவும் 37வது பிரிவு அப்படியேதான் இருந்துச்சு, இப்பவும் இருக்கு.